குமிழ் 180 என்கிறது, திராட்சை கரிகிறது

ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சில ஆண்டுகளாக உழைத்துவரும் ஓ.டி.ஜி. அடுப்புக்கு (பிஸ்கட், கேக் சுடும் சிறு மின்னடுப்பு) சென்ற வாரம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். அதே மாடலின் விலை இப்போது நன்றாக இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, பெரம்பூரில் இருக்கும் என் சித்தி மகள், "வாங்கலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். கொள்ளளவும் வாட்டும் உத்தரவாதக் காலமும் விற்பவர்களே விரிவாகச் சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் இதில் பெரும்பாலும் செய்வது ஓட்ஸ் திராட்சை பிஸ்கட்தான். கேக் செய்பவர்களும் கோழி சுடுபவர்களும் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் அது வாங்கிய நாள் முதல் தீரவில்லை. குமிழை 180 டிகிரியில் வைத்தால் உள்ளே 180 இருப்பதில்லை. தனியாக ஒரு வெப்பமானியை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தபோது, கம்பி எரிவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும் நேரத்தில் முள் 205-ஐத் தொட்டது. விளக்கு மறுபடி எரியும்போது 165-க்கு இறங்கியிருந்தது. இந்த அடுப்பின் தெர்மோஸ்டாட்டில் சூட்டை அறிவது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறு பட்டை. சூடேறினால் அது வளைந்து மின் தொடர்பைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து இணைக்கும். பட்டை இருப்பதோ குமிழுக்குப் பின்னால், பக்கவாட்டுத் தகட்டுக்கு அப்பால். எனவே தட்டின் நடுவில் நடப்பது அதற்குத் தாமதமாகவே தெரியவருகிறது. கோடை இரவுகளில் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடும்போது எங்கள் தெருவில் மின்னழுத்தமும் இறங்கிவிடுகிறது. வெப்பத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட் 200 ஆனாலே கம்பியின் திறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். இது அடுப்பின் குற்றமன்று. ஆனால் அன்றைக்குச் சூடேறக் காத்திருக்கும் நேரம் கணக்கில் அடங்குவதில்லை.

மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த பிஸ்கட் இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். உடம்புக்கு நல்லது என்று நாம் செய்யும் பிஸ்கட் பொறுக்காது. சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்தால் மாவு தட்டில் பரவாமல் உருண்டையாகவே நிற்கும், ஆகவே நடுப்பகுதி வேகக் கூடுதல் நேரம் வேண்டும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை சேர்த்தால், அதிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மேல்புறத்தை விரைவாகச் சிவக்கவைக்கும். உள்ளே வேக நேரம் கேட்கும் பண்டம் வெளியே நேரம் கொடுக்க மறுக்கிறது. இடையில் இந்தக் குமிழ் பொய் சொல்கிறது.

என் அளவு இது: 90 கிராம் ரோல்டு ஓட்ஸ், 60 கிராம் கோதுமை மாவு, வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் தலா 60 கிராம், 50 கிராம் உலர் திராட்சை, ஒரு முட்டை, கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, கொஞ்சம் பட்டைத் தூள். பதினாறு பிஸ்கட் வரும். ஒன்றில் ஏறக்குறைய 90 கலோரியும் 5 கிராம் சர்க்கரையும் இருக்கும். ஓட்ஸின் கரையும் நார்ச்சத்து இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று உணவு உறைகளில் சொல்ல அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தபோது, அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும் என்று வகுத்தது. அந்த அளவை இந்த பிஸ்கட்டிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் தட்டில் முக்கால் பங்குக்கு மேல் நாமே தின்றாக வேண்டும். ஆகவே ஆரோக்கியம் என்ற பேச்சை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

திராட்சைக்கு வருகிறேன், என் கோபம் அங்கேதான் இருக்கிறது. மாவுக்கு மேலே தலைநீட்டிய திராட்சை, மேல் கம்பி செக்கச் சிவக்கும் நேரத்தில் பலூன் போல உப்பி, தோல் பளபளத்து, பிறகு சுருங்கிக் கரிந்து கசக்கும். சௌகார்பேட்டையில் வாங்கும் பச்சைத் திராட்சை என்றால் நிறம் மாறுவதைக் கண்ணாடி வழியே பார்த்து வெளியே எடுத்துவிடலாம்; கறுப்புத் திராட்சை கரிந்தால் கண்ணுக்குத் தெரியாது, கடித்த பிறகுதான் தெரியும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்து, ஒவ்வொன்றையும் விரலால் மாவுக்குள் அழுத்தி மூடினால் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் வலப்பக்கப் பின்மூலையில் வைத்த இரண்டு பிஸ்கட்டுக்கு எந்த வைத்தியமும் பலிப்பதில்லை. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பலாம் என்றால், கதவைத் திறந்த மாத்திரத்தில் சூடு இறங்கி, கம்பி மறுபடி முழு மூச்சில் எரிந்து, அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்த அடுத்த இரண்டைக் கருக்குகிறது.

நியாயமும் பேச வேண்டும். கதவின் கீல் இன்றுவரை தளரவில்லை, கண்ணாடி மங்கவில்லை, கம்பி ஒருமுறையும் போகவில்லை. எதிர்பாராமல் கிடைத்த பலன் ஒன்றும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் எங்கள் வீட்டில் எந்த பிஸ்கட்டும் மறுநாளே நமத்துவிடும். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கதை அதுதான். குமிழை 100-இல் வைத்து ஐந்து நிமிடம் உள்ளே விட்டு, ஆறவிட்டால், ஓரம் மொறுமொறுவென்று திரும்பிவிடுகிறது. அந்தக் குறைந்த சூட்டில் இந்த அடுப்பு அநேகமாகப் பொய் சொல்வதே இல்லை. கடையில் வாங்கிவந்து நமத்துப்போன பட்டர் பிஸ்கட்டையும் முறுக்கையும்கூட இப்படி மீட்டிருக்கிறேன், இதற்காகவே அக்கம்பக்கத்தார் தட்டோடு வருவதுண்டு.

நிறுவனத்தின் சேவை மையம் பெட்டியைச் சுமந்துகொண்டு வரச் சொன்னதால், தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்தோம். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம். வேலையை முடித்துவிட்டு அவர், "தெர்மோஸ்டாட் புச்சும்மா, ஆனா அந்த மூலைக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, பொட்டியே அப்படித்தான்" என்றார். புதிய தெர்மோஸ்டாட் வந்த பிறகு முள் 195-க்கு மேல் ஏறுவதில்லை என்பது முன்னேற்றமே. ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டை வைத்தேன். பதினான்கு பிஸ்கட் பொன்னிறமாக வந்தன, மூலையில் இருந்த இரண்டும் வழக்கம் போலக் கருகின.

ஆகவே சித்தி மகளுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். உழைப்பில் குறை சொல்ல முடியாத அடுப்பு, இறங்கிய விலைக்கு இதைவிட உறுதியான பெட்டி கிடைப்பது அரிது, நானும் இதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, ஆனாலும் வேண்டாம். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, உள்ளே விசிறி சுழன்று சூட்டைச் சமமாகப் பரப்பும் மாடலாகப் பார்த்து வாங்கட்டும், கூடவே ஒரு வெப்பமானியையும் வாங்கிக்கொள்ளட்டும்.