இடுப்பு நோவுக்கு எண்ணெயா, குளிசையா, எலும்பு டொக்டரா?

அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு வயது 74. "நாரிப்பிடிப்புத்தான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஒன்பது நாள் உருவல் நடந்தது. பத்தாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் பட்ட பாடு இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

பிழை சொல்லிலேயே தொடங்குகிறது. எங்கள் பேச்சில் நாரி, பிட்டம், தொடைச்சந்து எல்லாமே "இடுப்பு"தான். ஆகவே முதலில் ஒரு விரலால் நோகும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கவட்டுப்பக்கம் நொந்து, சப்பாணி கட்டி உட்காரவோ செருப்பு மாட்டக் குனியவோ கஷ்டம் என்றால் இடுப்பு மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் எலும்பு துருத்தும் இடத்தில் நொந்து, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாவிட்டால் அது பெரும்பாலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் கோளாறு. பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே மின்னல் போல இறங்கினால் முதுகு நரம்பு. சிலருக்கு மூட்டில் உள்ள நோவு முழங்காலில் மட்டும் தெரியும்.

வயலில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த தசைப்பிடிப்புக்குப் பரியாரியாரின் எண்ணெயும் சூட்டு ஒத்தடமும் சுகம் தரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை எண்ணெய் வளர்க்காது. விழுந்த முதியவரை உருவவே கூடாது.

ஃபார்மசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் குளிசை சில நாள் நோவைத் தணிக்கும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மாரியில் காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை தொடவே வேண்டாம். மாதக்கணக்கில் குளிசையை விழுங்கி நாள் கடத்துவதைவிட டொக்டரைப் பார்ப்பதே மேல்.

பக்கவாட்டு நோவுக்கு என் தெரிவு பிசியோதெரபிதான். ஸ்டீரொய்ட் ஊசி வேகமாகத் தணிக்கும், ஆனால் பலருக்கு நோவு திரும்பி வந்துவிடும். பிட்டத்துத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி பலன் தர எட்டு, பத்து வாரம் எடுக்கும். அந்தப் பலன் நிலைக்கும். பொறுமையில்லாமல் பத்து நாளில் விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் எப்போது? விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை, அல்லது கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த முறிவுக்கு ஓரிரு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது. பிந்தினால் தொடையெலும்பின் பந்து போன்ற தலைக்கான இரத்த ஓட்டம் கெட்டுப்போகலாம். முறிந்த எலும்புடன் நடந்து வருபவர்களும் உண்டு, முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். காய்ச்சலோடு மூட்டை அசைக்க முடியாமை, நொண்டும் பிள்ளை, சிறுநீர் அடைப்புடன் கவட்டு மரப்பு இவையும் அவசரமே. இரவில் தூங்கவிடாத நோவு, காரணமின்றி உடல் மெலிதல், நீண்டகால ஸ்டீரொய்ட் பாவனை இருந்தால் நாள் தள்ளாதீர்கள். சாதாரணத் தேய்மானம் என்றால் நடை, நித்திரை, அன்றாட வேலை மூன்றும் குலையும்போது நிபுணரைப் பார்க்கலாம். செயற்கை மூட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 1962இல் எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி இங்கிலாந்தில் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்த இச்சிகிச்சையில், பொருத்தியவற்றில் பாதிக்கு மேல் 25 வருடம் உழைத்திருக்கின்றன.

அவசரமென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிக்கே நேரே போங்கள், சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தனியாரில் சனல் பண்ணினால் (காசு கட்டி டொக்டரைப் பார்க்க நேரம் பதிந்தால்) காத்திருப்பு குறையும், காசு போகும். பல வேளை மாலையில் அங்கே இருப்பவர் காலையில் அரச கிளினிக்கில் இருந்த அதே டொக்டர்தான். எங்கே போனாலும் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எந்தக் குளிசைகள் போடுகிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கைத்தடியை நோகாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். அம்மம்மா முதலில் அதையும் மாற்றித்தான் பிடித்திருந்தார்.