மல்லிகைக்குத் தடியா, பதியமா?

வன்னி வளவில் மல்லிகையைப் பெருக்க இரண்டு வழிதான் வசதி: கொப்பை வெட்டித் தடியாக ஊன்றலாம், அல்லது தாய்ச்செடியின் கொப்பை வெட்டாமலே மண்ணில் புதைத்துப் பதியம் வைக்கலாம். விதையை மறந்துவிடுங்கள், அடுக்கு மல்லிகை காய்ப்பதே அரிது. எது நல்லது என்று கேட்டால், இப்போது என்ன மாதம் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

தடிக்குச் செலவே இல்லை. கவ்வாத்தில், அதாவது செடியைக் கழித்து வெட்டும்போது, விழுகிற கொப்புகளிலேயே அயலுக்கும் கொடுக்கிற அளவுக்குத் தடி தேறும். பென்சில் பருமன், மூன்று நான்கு கணு, அரைவாசி முற்றினதாக இருக்கவேண்டும். பச்சைத் தளிர் அழுகிவிடும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, இரண்டு கணு உள்ளே போகும்படி மணலும் தும்புத்தூளும் கலந்த பையில் ஊன்றுங்கள். கிளுவங்கதியால் போல வேலியோரம் குத்திவிட்டுப் போனால் மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும்.

ஊன்றிக் கொஞ்ச நாளில் கணுவில் இரண்டு குட்டி இலை எட்டிப் பார்க்கும். உடனே பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. தண்டில் சேர்ந்திருந்த சத்தில் வந்த இலை அது. அப்போது பிடுங்கிப் பார்த்தால் வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு திரட்சி மட்டும் இருக்கும், வேர் இராது. வேர் வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் எடுக்கும், அதுவரை ஈரம் காயக் கூடாது. ஐப்பசி முதல் தை வரை என்றால் அந்த ஈரத்தை வானமே தரும், பையில் தண்ணீர் தேங்காமல் பார்த்தால் போதும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலத்தில் காலை ஊற்றின தண்ணீர் மத்தியானம் இராது. அடி வெட்டின பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து மூடினாலும் பாதி கருகிப்போகும்.

பதியத்துக்கு இந்தப் பயம் குறைவு, தாய்ச்செடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தாழ்ந்த கொப்பை வளைத்து, கணுவுக்குக் கீழே ஓர் அங்குலம் தோலைச் சீவி, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். மூன்று மாதமாவது பொறுக்கவேண்டும், கன்றும் நாலைந்துக்கு மேல் கிடைக்காது. ஆனால் தடிக்கன்றைவிட முந்திப் பூக்கும். வீட்டுக்கு ஒன்றிரண்டு போதும் என்பவர் தடியோடு மினக்கெடவே தேவையில்லை என்பது என் எண்ணம். வேரோடினதும் தாயிலிருந்து வெட்டி, இரண்டு கிழமை அதே இடத்தில் விட்டுப் பிறகு கிளப்புங்கள். கொப்பை மண்ணுக்கு வளைக்காமல் மேலேயே தும்பு கட்டி வேர்விடச் செய்கிற விண்பதியமும் உண்டுதான், ஆனால் எங்கள் காற்றில் கட்டின தும்பு காய்ந்துபோகும்.

சரி, கவ்வாத்து. நுனியை மட்டும் கிள்ளுவதா, ஒட்ட வெட்டுவதா? செடி வெறுமையாகிவிடுமே என்று பலர் நுனியோடு நிறுத்துகிறார்கள். மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கொப்புகள் அப்படியே நின்றால் நிழல்தான் மிச்சம். மழை ஓய்ந்த தையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவி, மாட்டெரு போட்டு மண்ணைக் கொத்திவிட்டால் பங்குனியில் மொட்டுப் பிடிக்கும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் பூ இருக்கும். வெட்டின தடிகளை ஊன்ற மண்ணிலும் ஈரம் இருக்கிற நேரம் அது. ஆனி, ஆடியில் ஒட்ட வெட்டவேண்டாம். கிணறு இறங்கிக் கிடக்கிற நேரத்தில் துளிர்க்க அதற்குத் தெம்பு இராது. காய்ந்த கொப்புகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.