கேபிள் பெட்டி லேசாக இருந்தால் யோசியுங்கள்

கந்தப்பளை, இராகலை பக்கம் தோட்டமோ கடையோ வைத்திருப்பவர்கள், கெமரா போட நினைத்தால் இதை வாசித்துவிட்டு டவுனுக்குப் போங்கள். எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

எங்கள் மரக்கறித் தோட்டம் சரிவில் இருக்கிறது. வீடு மேலே, கரட் கழுவி மூட்டை கட்டும் கொட்டகை கீழே, பாதையோரம். விடிய லொறி வரும்வரை மூட்டைகள் அங்கேதான் கிடக்கும். கரட் விலை ஏறுகிற நாட்களில் எனக்குத் தூக்கமே வராது. அதனால் கொட்டகைக் கூரையடியில் ஒரு கெமரா பூட்டினோம், தானாகச் சுற்றித் திரும்பும் வகை. வீட்டிலிருந்து 85 மீட்டர் தூரம். கரண்டுக்குத் தனி வயர் இழுக்கவில்லை. பி.ஓ.ஈ. சுவிட்ச் என்ற பெட்டி ஒன்று வைத்தால் நெட்வேர்க் கேபிளிலேயே கரண்டும் போகும், படமும் வரும்.

கேபிளை நுவரெலியா டவுனில் ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியில் 'கேட் 6' என்று, நெட்வேர்க் கேபிளின் தர வகை, பெரிதாக அச்சடித்திருந்தது, 305 மீட்டர். விலை பக்கத்துக் கடையில் கேட்டதில் பாதிக்கும் குறைவு. "கொப்பர்தானே?" என்று கேட்டேன். "கொப்பர்தான் அண்ணே, எல்லாரும் இதைத்தான் கொண்டு போறாங்க" என்றார். பஸ் ஹோல்ட்டிலிருந்து வீட்டுக்கு ஏற்றம் ஏற வேண்டும். பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினேன். லேசாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு! அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பகலில் ஒரு குறையும் இல்லை. படம் கண்ணாடி மாதிரி. பொழுது சாய்ந்ததும் கெமரா செத்துவிடும். இரண்டு நிமிடத்தில் உயிர் வரும், ஒரு பக்கம் திரும்பும், மறுபடி சாகும். விடியும்வரை இதே கூத்து. முதலில் கெமராவைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். அப்புறம் சுவிட்சை மாற்றினேன். பொருத்திக் கொடுத்த பையனைக் கூப்பிட்டு ஏசினேன். அவன் மூன்று தடவை வந்து நுனிகளை வெட்டி, புதுக் கனெக்டர் அழுத்திப் பூட்டி, அதாவது கிரிம்ப் பண்ணிவிட்டுப் போனான். மழை தொடங்கியதும் பகலிலும் விழத் தொடங்கியது. அந்த வாரம்தான் இரண்டு மூட்டை கரட் களவு போனது. பதிவைப் போட்டுப் பார்த்தால் அந்த நேரத்தில் கறுப்புத் திரை.

தீபாவளிக்கு அக்கா மகன் கொழும்பிலிருந்து வந்தான். நெட்வேர்க் வேலை செய்பவன். கதையைக் கேட்டதும் கெமராவைத் திரும்பியும் பார்க்கவில்லை, மிச்சக் கேபிளைக் கொண்டுவரச் சொன்னான். பிளேடால் கம்பியை லேசாகச் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி. "மாமா, இது அலுமினியம். மேலே செம்புப் பூச்சு மட்டும்தான்." பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் சி.சி.ஏ. என்று இருந்ததையும் காட்டினான். செம்பு போர்த்திய அலுமினியத்துக்கு அதுதான் பெயராம்.

பிறகு கொட்டகைக்குப் போகும் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பியை ஒரு முனையில் முறுக்கிவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தான். தடை 35 ஓம் என்று காட்டியது. நல்ல செம்புக் கேட் 6 என்றால் இந்தத் தூரத்துக்கு 12 ஓம் அளவில் வர வேண்டும். அலுமினியம் என்பதால் மட்டும் இவ்வளவு ஏறாது. அதே தடிப்பில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் தடை வரும். பெட்டியில் போட்டிருந்த தடிப்பும் பொய், கம்பி மெல்லிசு. ஒன்றுக்குள் இரண்டு ஏமாற்று.

அப்படியானால் பகலில் எப்படி ஓடியது? என் மண்டையைக் குடைந்தது இதுதான். படம் வேகமாக மாறும் சிக்னலாகப் போகிறது. அந்த மாதிரிச் சிக்னல் கம்பியின் மேல்தோலை ஒட்டியே ஓடும். அங்கே செம்பு இருக்கிறது. கெமராவுக்குப் போகும் கரண்ட் அப்படி இல்லை, கம்பி முழுவதையும் பாவிக்கும். அங்கேதான் அலுமினியம் காலை வாருகிறது. கேபிள் டிவி வயரின் நடுக்கம்பியில் இதே பொருளைப் பாவிப்பதில் தப்பில்லை என்றும் சொன்னான், அங்கே முக்கிய வேலை சிக்னல்தான்.

30 வாட் வகைப் பி.ஓ.ஈ.யில் சுவிட்சிலிருந்து 30 வாட் புறப்பட்டால், 100 மீட்டர் தூரம் போன பிறகும் 25.5 வாட் போய்ச் சேர வேண்டும். நடுவில் போகும் நாலரை வாட் செம்புக் கம்பி என்ற கணக்கில் ஒதுக்கியது. பகலில் கெமரா கொஞ்சமாகத்தான் இழுக்கும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, மோட்டரும் சுற்றுகிறது. வோல்டேஜ் வழியிலேயே விழுவதால், அதே வாட்டைப் பெறக் கெமரா இன்னும் கூடுதலான கரண்டை இழுக்கும். அதனால் வோல்டேஜ் இன்னும் விழும். ஒரு கட்டத்தில் சுவிட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இணைப்பை வெட்டிவிடும். நான் மாற்றிய கெமராவும் சுவிட்சும் நல்லவைதான், வீண் செலவு.

மழைக்குப் பகலிலும் விழுந்ததன் காரணம் நுனியில் இருந்தது. கிரிம்ப் பண்ணும்போது கனெக்டரின் பல் செம்புப் பூச்சைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. வெளியே தெரியும் அலுமினியம் ஈரத்தில் வெள்ளைத் தூளாகப் பூக்கிறது. அந்தத் தூள் கரண்டைக் கடத்தாது. எங்கள் ஊர் பனிக்கும் மூடுபனிக்கும் இதைவிடப் பொருத்தமில்லாத கேபிள் இருக்காது. நாலைந்து தடவை மடக்கினால் கம்பி முறிந்தும் விடுகிறது.

கடைக்குக் கொண்டுபோனேன். "மின்சார சபைக் கம்பியும் அலுமினியம்தானே அண்ணே?" என்றார். உண்மைதான். ஆனால் அது விரல் தடிப்பில், அலுமினியத்துக்கென்றே செய்த பிடிகளோடு போகிறது. இது ஊசித் தடிப்பு. கடைசியில், வெட்டிய கேபிளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார். பில்லில் 'கேட் 6 கேபிள்' என்று மட்டும் இருந்தது. 'செம்பு' என்று எழுதி வாங்கியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடித்துப் பேச ஒரு பிடி இருந்திருக்கும். அது என் பிழை. ஆனால் கேட் 6 தரமே முழுச் செம்புக் கம்பியைத்தான் கேட்கிறது. சி.சி.ஏ. கேபிளின் மேல் அந்தப் பெயரை அடிப்பதே தப்பு.

நீங்கள் வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே ஒரு முனையை உரித்துச் சுரண்டிப் பாருங்கள், முடியாது என்றால் திரும்பி வாருங்கள். லைட்டர் நெருப்பில் பிடித்தாலும் தெரியும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், மெல்லிய கம்பி தொய்ந்து விழும். செம்புக்கு 1085 பாகை வேண்டும், சிவந்து நிற்கும். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 100 மீட்டர் ஜோடி ஒன்று 19 ஓமைத் தாண்டவே கூடாது.

புதுச் செம்புக் கேபிள் வந்ததும் ஒரு ஆசைக்கு இரண்டிலும் பத்துப் பத்து மீட்டர் வெட்டி, கரட் நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வைத்தேன். செம்பு 400 கிராமைத் தாண்டியது. மற்றது 200ஐத் தொடவில்லை. பொருத்திய பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான், ஆனால் முன்னைப் போல வீட்டில் தேத்தண்ணி குடிக்க உட்காருவதில்லை.

மிச்சக் கேபிள் கொட்டகையில் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ரவுட்டரிலிருந்து டிவிக்கு நாலு மீட்டர் கேட்டார். வீட்டுக்குள், கரண்ட் போகாத இணைப்பு, தூரமும் இல்லை. வெட்டிக் கொடுத்தேன். கெமராவுக்கும் கொஞ்சம் தா என்றார், அதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டேன்.