நடைச்சீட்டில் இருப்பது யாருடைய சர்வே எண்?

சாலைப் பணி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேட்டுப் புஞ்சை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "நிலத்தைச் சமப்படுத்தித் தருகிறோம், மேட்டு மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், லோடுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று ஒருவர் கோப்பும் கையுமாக வந்து நின்றால், அவர் காட்டும் காகிதம் போலியா என்று பார்ப்பது மட்டும் போதாது. எங்களிடம் காட்டிய காகிதங்களில் ஒன்றுகூடப் போலி இல்லை. எல்லாமே அசல். ஆனால் எதிலும் எங்கள் நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தென்மாவட்டம் ஒன்றில் எங்கள் குடும்பத்துக்குக் கூட்டுப் பட்டாவில் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளமோ உளுந்தோ போடுவார்கள், பெய்யாவிட்டால் ஆடு மேயும். ஊரில் இருப்பது பெரியப்பா மட்டும்தான். நானும் மற்ற பங்காளிகளும் பிழைப்புக்காக வெளியூர்களில் இருக்கிறோம். 2024 ஆடி மாதத்தில், பக்கத்தில் நடந்துகொண்டிருந்த சாலை வேலைக்கு மண் ஏற்பாடு செய்கிறவர் என்று சொல்லிக்கொண்டு ஒரு மேற்பார்வையாளர் பெரியப்பாவிடம் வந்தார். "அண்ணாச்சி, உங்களுக்குச் சல்லிக்காசு செலவில்லை. மேட்டை எடுத்துவிட்டால் டிராக்டர் தாராளமாக ஓடும். ஓரத்தில் ஒரு பண்ணைக்குட்டையும் வெட்டித் தருகிறோம். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுக் கடைசியில் பரப்பிக் கொடுத்துவிடுவோம்" என்றார். கேட்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாத பேச்சு.

அனுமதி இருக்கிறதா என்று பெரியப்பா கேட்காமல் இல்லை. கேட்டதற்கு மூன்று காகிதங்கள் வெளியே வந்தன. முதலாவது, சாலைப் பணிக்கான பணி ஆணையின் நகல். இரண்டாவது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவிக்கை ஒன்றின் நகல். சாலை, குழாய்ப் பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று அதில் இருந்தது. மூன்றாவதுதான் பெரியப்பாவை ஒப்புக்கொள்ள வைத்தது: மாவட்ட ஆட்சியரின் செயல்முறைகள், ந.க. எண் (அலுவலகக் கோப்பின் எண்), தேதி, பச்சை மையில் கையெழுத்து என்று எல்லாம் இருந்த கிராவல் மண் அனுமதி உத்தரவு. அதை என் அண்ணன் மகன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். எடுத்தது முதல் பக்கம் மட்டும், ஏனென்றால் காட்டப்பட்டதே முதல் பக்கம் மட்டும்தான்.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன், மூன்றாவதைக் கடைசியில். இதே கோப்பு வேறு ஊர்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

பணி ஆணை என்பது சாலை போடுவதற்கான ஒப்பந்தம். மண் எங்கிருந்து வரவேண்டும் என்ற உரிமை எதையும் அது கொடுப்பதில்லை. அரசு வேலை என்ற வார்த்தைக்குக் கிராமத்தில் இருக்கும் மரியாதைதான் அந்தக் காகிதத்தின் முழு மதிப்பு. அறிவிக்கை 2020 மார்ச் 28ஆம் தேதி வெளியானது, அது உண்மை. ஆனால் அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. எங்கள் பெரியப்பாவிடம் அதை நீட்டியபோது அது செத்துப்போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்த காலத்திலும் அது தள்ளிவைத்தது சுற்றுச்சூழல் அனுமதியை மட்டுமே. மண் எடுக்கக் கனிமவளத் துறையின் அனுமதி அப்போதும் வேண்டும், அரசுக்கு உரிமத்தொகை (ராயல்டி) அப்போதும் கட்டவேண்டும்.

நம் சொந்தப் பட்டா நிலத்து மண்ணுக்கு அரசிடம் ஏன் அனுமதி என்று பலர் கேட்கிறார்கள். சாலைக்கும் கட்டுமானத்துக்கும் போகும் கிராவலும் சாதாரண மண்ணும் சிறு கனிமம் என்ற வகைக்குள் வருகின்றன. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், சிறு கனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை 15ஆம் பிரிவில் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. பட்டா நிலமானாலும் ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் அறிக்கை, கனிமவளத் துறையின் ஆய்வு, சுரங்கத் திட்டம், மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி, பிறகு குத்தகை ஒப்பந்தம், அதன் பிறகு உரிமத்தொகை கட்டி, மண் ஏற்றிய லாரியோடு போகவேண்டிய நடைச்சீட்டு வாங்குவது என்று அது நீண்டுகொண்டே போகும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த இடம் என்பதால் சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து தப்பும் வழியையும் உச்ச நீதிமன்றம் 2012இலேயே அடைத்துவிட்டது. ஆகவே "திங்கட்கிழமை பொக்லைன் இறங்கும்" என்று ஒருவர் வெள்ளிக்கிழமை சொன்னால், உங்கள் நிலத்துக்கு அனுமதி வாங்கப்படவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெரியப்பா கையெழுத்துப் போட்டது ஒரு வெள்ளைத் தாளில். தலைப்பு, "நிலம் சமன்செய்ய ஒப்புதல் கடிதம்". எவ்வளவு பரப்பு, எத்தனை அடி ஆழம், எந்தத் தேதிக்குள் என்று எதுவும் இல்லை. கூட்டுப் பட்டாவில் மற்றவர்களின் சம்மதம் வேண்டும் என்பதை அவர்கள் கேட்கவே இல்லை. அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர்தானே அதையெல்லாம் கேட்பார்!

வேலை தொடங்கியது. முதல் சில நாட்கள் பகலில், சின்ன டிப்பர்களில். லோடு கணக்கு மேற்பார்வையாளரின் நோட்டில். பிறகு வந்தவை பெரிய லாரிகள், அதுவும் இரவில். லோடுக்கான விலை மட்டும் சின்ன டிப்பருக்குப் பேசியதுதான். மண் வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் ஏக்கரை ஓர் அடி ஆழத்துக்கு வெட்டினாலே 435 யூனிட்டுக்கு மேல் வரும். பத்து அடி போனால் 4,356 யூனிட். இந்தக் கணக்கைப் பெரியப்பாவுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. ஒதுக்கி வைப்பதாகச் சொன்ன மேல்மண்ணும் ஏதோ ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டது. பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பு சரிந்து விழுந்து, தலைமுறைகளாகச் சண்டையே இல்லாத இரண்டு குடும்பங்களுக்கு இடையில் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ரொக்கமாக வந்தது முன்பணம் மட்டும். மீதிக்குக் கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது.

அதையாவது நஷ்டம் என்று எழுதிவிடலாம். ஒரு நாள் இரவு வருவாய்த் துறையினர் ஒரு லாரியை மறித்தார்கள். ஓட்டுநர் காட்டிய நடைச்சீட்டில் வேறோர் ஊரின் பெயர் இருந்தது, ஆனால் லாரி வந்த திசை எங்கள் ஊர்த் திசை. அடுத்த வாரம் நில அளவர் வந்து பள்ளத்தை அளந்தார். அதற்குப் பிறகு கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது, பெரியப்பா பெயருக்கும் பட்டாவில் உள்ள எங்கள் அனைவரின் பெயருக்கும். அனுமதியின்றி எடுக்கப்பட்ட மண்ணின் மதிப்பு, உரிமத்தொகை, அபராதம். கூட்டிப் பார்த்தால் அந்தப் புஞ்சையை விற்றாலும் கட்டி முடியாத தொகை. பணம் லோடு கணக்கில் வந்தது. அபராதம் பள்ளத்தின் கன மீட்டர் கணக்கில் வந்தது. லாரி எங்கே போனது என்பது கிராம நிலக் கணக்கான அடங்கலில் இருக்காது. பட்டாதாரர் பெயர் இருக்கும்.

இனி அலுவலகங்களைப் பற்றி. மாவட்டக் கனிமவள அலுவலகத்தில், "வட்டாட்சியர் அறிக்கையின் பேரில்தான் நடவடிக்கை, அங்கே கேளுங்கள்" என்றார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில், "கன அளவு கணக்கிட்டது கனிமவளத் துறை, அங்கே கேளுங்கள்" என்றார்கள். காவல் நிலையத்தில் பெரியப்பாவின் கையெழுத்தைக் காட்டி, "நீங்களே சம்மதித்திருக்கிறீர்கள், இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். அலுவலக வாசலில் டீக்கடைப் பக்கம் நின்ற ஒருவர் மட்டும் எங்கள் கோப்பின் முழு விவரத்தையும் தெரிந்து வைத்திருந்தார். கன மீட்டரைக் குறைத்து எழுத வைக்க முடியும் என்று அவர் சொன்ன விலை தனிக் கதை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாதது வாசலில் நிற்பவருக்குத் தெரிகிறது!

கடைசியில் கைகொடுத்தது பத்து ரூபாய்க் கட்டணத்தில் போட்ட தகவல் உரிமை மனு. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். கேள்விகளைக் குறுகலாகக் கேட்டோம்: எங்கள் சர்வே எண்ணுக்கு மண் எடுக்க அனுமதி ஏதும் வழங்கப்பட்டதா? கைப்பேசிப் படத்தில் உள்ள ந.க. எண்ணில் பிறப்பித்த உத்தரவின் எல்லாப் பக்கங்களின் நகல். அந்த உத்தரவின் கீழ் வழங்கிய நடைச்சீட்டுகளின் வரிசை எண்களும் மொத்த அளவும். பதில் வந்தபோதுதான் இரண்டாம் பக்கத்தை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். அனுமதி வேறொரு வட்டத்தில் இருக்கும் வேறொருவரின் பட்டா நிலத்துக்கு. சர்வே எண், உட்பிரிவு, கன மீட்டர், கடைசித் தேதி எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. எங்கள் நிலத்தில் பொக்லைன் இறங்கிய நாளில் அந்த உத்தரவின் காலமே முடிந்திருந்தது.

ஏன் இந்த வித்தை என்று யோசித்தால், ஒப்பந்தத்தின் பில்லில் போய் முடிகிறது. அரசுப் பணிக்கு மண்ணும் ஜல்லியும் கொண்டுவரும் ஒப்பந்ததாரர் அவற்றுக்கு உரிமத்தொகை கட்டியதற்கு ஆதாரம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பில்லில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நடைச்சீட்டுக்கே ஒரு விலை உண்டு. அசல் குவாரியில் வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் மண்ணை வெட்டுவார்கள். வழியில் யாரும் மறிக்காத சீட்டு அடுத்த நடைக்கும் ஓடும். சாலையின் தலைமை ஒப்பந்ததாரரிடம் போனோம். "மண் கொடுத்தது துணை ஒப்பந்ததாரர், எங்களிடம் சீட்டுகள் சரியாக இருக்கின்றன" என்று மரியாதையாகவே சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். இப்போது, 2025இலிருந்து, நடைச்சீட்டு இணையவழியில் வருகிறது. ஆனாலும் சீட்டில் இருக்கும் ஊரும் லாரி நிற்கும் ஊரும் ஒன்றா என்று பார்க்க ஒருவர் சாலையில் நிற்கத்தானே வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஏமாற்று. ஏரி, கண்மாய்களிலிருந்து விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம், விண்ணப்பம் இணையவழியில். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. நல்ல திட்டம், நேர்மையாகப் பயன்படுத்தியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து ஊரில் ஒருவர் "உங்கள் வயலுக்கு வண்டல் அடித்துத் தருகிறேன்" என்று பலரிடம் சிட்டா நகலும் ஆதார் நகலும் வாங்கி, அவர்கள் பெயரில் விண்ணப்பித்து, மண்ணைச் செங்கல் சூளைக்கு ஓட்டியிருக்கிறார். 90 கன மீட்டர் என்றால் ஏறக்குறைய 32 யூனிட். உங்கள் வயலில் அவ்வளவு கொட்டியிருக்கிறதா என்று நீங்களே பார்த்தால் தெரிந்துவிடும். சவுடு என்ற நிரப்பு மண்ணின் பெயரிலும் இப்படித்தான். அந்தப் பெயரைச் சொல்லி மணல் அள்ளுவதைக் கண்டித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மண்ணின் கலவையைச் சோதிக்காமல் அனுமதி தரக்கூடாது என்று 2021இல் சொல்லியிருக்கிறது. எனவே சவுடு என்று மட்டும் எழுதிய காகிதத்தை யாராவது நீட்டினால், சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

யாராவது உங்கள் நிலத்துக்கு வந்தால் உத்தரவின் எல்லாப் பக்கங்களையும் வாங்கி, உங்கள் பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பக்கத்தில் வைத்துச் சர்வே எண்ணை ஒத்துப் பாருங்கள். பார்க்க விடாமல் அவசரப்படுத்துகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகள், ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை இப்போதே தொலைபேசியில் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டத் தொடங்கியிருந்தால் வட்டாட்சியருக்கும் கனிமவள உதவி இயக்குநருக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) எழுதிவிடுங்கள். லாரிகளின் எண்களோடு, தேதியோடு, நீங்களே முதலில் எழுதிய கடிதம் கையில் இருந்தால், பின்னால் வரும் அறிவிப்புக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. காசோலை திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் வக்கீல் அறிவிப்பு போகவேண்டும். தள்ளிப்போட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நாங்கள் அபராத உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறோம், தகவல் உரிமைப் பதிலை இணைத்து. காசோலை வழக்கு தனியாக நடக்கிறது. உங்களுக்கும் இப்படி உத்தரவு வந்திருந்தால் அதன் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடவேண்டும் என்பது அங்கேதான் இருக்கும். தகவல் உரிமை மனுவில் நாங்கள் கேட்ட கேள்விகளை அப்படியே எடுத்து, உங்கள் சர்வே எண்ணையும் நீங்கள் பார்த்த உத்தரவின் ந.க. எண்ணையும் போட்டு அனுப்பலாம்.