இரண்டு சட்டிக் கலப்பை: வாங்கி இரண்டு கோடை ஓட்டியபின்

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசல், ஏழு ஏக்கர். மக்காச்சோளமும் உளுந்தும்தான் விதைக்கிறோம். ஒவ்வொரு சித்திரையிலும் கோடை உழவுக்கு வாடகை வண்டிக்காரர் பின்னால் அலைவது அலுத்துப்போய், போன வருடக் கோடையில் சொந்தமாக ஒரு இரண்டு சட்டிக் கலப்பை (குழிவான வட்டத் தட்டுகள் சுழன்று மண்ணைப் புரட்டுவது) வாங்கினேன். விலை 48,000 ரூபாய். வண்டி மஹிந்திரா 575 டிராக்டர், 45 குதிரைத்திறன்.

கடையில் மூன்று சட்டிதான் வாங்கச் சொன்னார்கள். எங்கள் கரிசல் காய்ந்தால் வெடித்துப் பாறையாகக் கிடக்கும். அதில் மூன்று சட்டியைப் போட்டு வண்டியைத் திணறவிட எனக்கு மனமில்லை. இரண்டே போதும் என்று எடுத்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, அதற்கு அவசரப்பட்டுப் பயனில்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கலப்பையைக் கொண்டுவந்து இறக்கிய ஆள் வண்டியோடு இணைக்கும் மூன்று பின்களையும் (pin) மாட்டி, ஒரு தடவை ஏற்றி இறக்கிக் காட்டி, “ஓட்டுங்க சார், எல்லாம் செட்டிங்ல இருக்கு” என்று சொல்லிப் போய்விட்டார். ஒன்றும் செட்டிங்கில் இல்லை. விளக்கப் புத்தகமும் தரவில்லை. முதல் நாள் அரை ஏக்கர் ஓட்டினேன். சால், அதாவது உழுத பள்ளம், பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. ஸ்டீரிங்கை வலப்பக்கம் பிடித்துப் பிடித்துத் தோள் வலித்தது. வேலி ஓரத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு உழாமல் நின்றுவிட்டது. அதை முடிக்க நாலைந்து தடவை வண்டியைத் திருப்பி, உழுத மண்ணையே மிதித்து இறுக்கினேன். சாலுக்கும் சாலுக்கும் நடுவே விட்டுப்போன திட்டுகளில் கோரை அப்படியே பச்சையாக நின்றது.

பெரியப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டு ஏர் ஓட்டிய கை. “தம்பி, முன்னேரே கோணிப்போச்சு. இனி எங்கிட்டு நேராகும்?” என்றார். டிராக்டருக்கும் அதே கணக்குத்தான். வலப்பக்கச் சக்கரங்கள் முந்தின சாலுக்குள் இறங்கி ஓடுவதால், முதல் சாலில் விழுந்த கோணல் கடைசிச் சால் வரை கூடவே வரும்.

மறுநாள் உழவை நிறுத்திவிட்டு வண்டியைக் களத்துச் சிமெண்ட் தளத்தில் நிறுத்தினேன். பக்கத்து ஊரில் சட்டி உழவு ஓட்டிப் பழகிய டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் கலப்பைப் பக்கமே போகவில்லை. முதலில் டயர் காற்றைப் பார்த்தார். பின் டயர் இரண்டிலும் ஒரே அளவு இல்லை. அப்புறம் ஒரு கயிற்றை வலது பின் டயரின் உள்விளிம்பிலிருந்து முன் டயர் வரை இழுத்துப் பிடித்தார். முன் டயர் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளியிருந்தது. பின் டயர் சாலுக்குள் போக, முன் டயர் வேறு தடம் போனால் வண்டி எப்படி நேராக ஓடும்? முன் அச்சைத் தள்ளி இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்து எட்டு அங்குல உயரத்துக்குப் பனங்கட்டைகளை வைத்து, இடப்பக்க டயர் இரண்டையும் அவற்றின் மேல் ஏற்றினார். எட்டு அங்குலம்தான் நாங்கள் உழ நினைத்த ஆழம். வயலில் வலது டயர் சாலுக்குள் இறங்கினால் வண்டி எவ்வளவு சாயுமோ, களத்திலேயே அந்தச் சாய்வு வந்துவிட்டது. அந்த நிலையில் கலப்பையை இறக்கி, வலது லிஃப்ட் ராடின் (கலப்பையைத் தூக்கும் தண்டு) கைப்பிடியைச் சுற்றிக் கலப்பைச் சட்டம் குறுக்குவாட்டில் மட்டமாகும் வரை தூக்கினார். நீளவாட்டு மட்டத்துக்கு டாப் லிங்க், அதாவது மேலே நடுவில் இணைக்கும் தண்டு. முதல் சால் போடும்போது நான்கு டயரும் மேட்டில்தான் இருக்கும் என்பதால், அந்த ஒரு சாலுக்கு மட்டும் வலது ராடை இடது ராடின் நீளத்துக்கே வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லித் தர இரண்டு நிமிடம்கூட ஆகாது. கலப்பையை இறக்கிய ஆளுக்கு அந்த இரண்டு நிமிடம் இல்லை.

பெரிய வில்லன் கலப்பையின் பின் சக்கரம். சட்டி மண்ணை வலப்பக்கம் தள்ளுவதால் கலப்பை இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். அந்தத் தள்ளலைச் சாலின் ஓரத்தில் ஊன்றித் தாங்குவது இந்தச் சாய்ந்த சக்கரம்தான். என் கலப்பையில் அதன் ஸ்பிரிங் தளர்ந்து, சக்கரம் சாலின் அடியைத் தொடாமல் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்பிரிங்கை இறுக்கியதும் என் தோள்வலி போனது. முன் சட்டி ஒல்லியாகவும் பின் சட்டி அகலமாகவும் வெட்டியதைக் கலப்பையை வண்டியோடு பூட்டும் குறுக்குத் தண்டைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்தார். கலப்பை பக்கவாட்டில் அதிகம் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைச் சற்றே தளர்வாக விட்டார். கலப்பை கொஞ்சம் அசைய வேண்டும், ஆனால் டயரில் உரசக் கூடாது.

கலப்பையைப் பொறுத்தவரை நல்ல சரக்குதான். 26 அங்குலச் சட்டி, இரண்டு கோடையில் அரை அங்குலம் தேய்ந்திருக்கிறது, விளிம்பு மடங்கவில்லை. பேரிங்கில் ஆட்டம் இல்லை. தினமும் காலையில் கிரீஸ் அடிக்கிறேன், அதுவும் காரணமாக இருக்கலாம். சாய்வு மாற்ற மூன்று துளைகள் உண்டு. தரை இறுகிக் கிடந்தால் சட்டியை நிமிர்த்தி வைக்கிறேன், நன்றாக இறங்குகிறது. முன்பு எடைக்காகச் சட்டத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதெல்லாம் இப்போது இல்லை. சட்டியில் ஒட்டும் மண்ணை வழிக்கும் சுரண்டியின் தாங்கிதான் மோசம். ஒரு மழைக்குப் பிறகு ஈரக் கரிசலில் ஓட்டியபோது வளைந்துவிட்டது. பட்டறையில் கனமான பட்டை வைத்துப் பற்றவைத்தேன், 400 ரூபாய்.

35 குதிரைத்திறனுக்குக் கீழே வண்டி வைத்திருப்பவர்கள் கரிசலில் இதை மாட்ட வேண்டாம். மற்றவர்கள் வாங்கலாம். பொருத்த வரும் ஆளைக் களத்தோடு திருப்பி அனுப்பாமல் வயலில் நான்கு சால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மீதிப் பணத்தை அப்புறம் கொடுங்கள்.

இந்தச் சித்திரையில் வேட்டித் துணி கட்டிய மூன்று கம்புகளை வரிசையாக நட்டு, லோ இரண்டாவது கியரில், பின்னால் திரும்பிப் பார்க்காமல் கம்பையே பார்த்து முதல் சாலை ஓட்டினேன். நாலு ஏக்கர் முடிந்தபோது வேப்பமரத்துப் பக்கம் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் ஆப்பு நின்றது. கலப்பைமேல் பழியில்லை, நடுக் கம்பை நான்தான் தள்ளி நட்டிருக்கிறேன்.