கரு வண்டு போல மின்னினால் கவனம்: ஒரு மவுசர் 98கே வாங்கிய கதை

பழைய ராணுவ ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பல ஆண்டுகளாகச் சேகரித்துவரும் நானே ஏமாந்திருக்கிறேன் என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாங்கியது மவுசர் 98கே, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையின் ரைஃபிள். குழல் வந்து பொருந்தும் ரிசீவர் வளையத்தின் மேல் ‘பிஒய்எஃப்’, அதன் கீழ் ‘41’. ஓபர்ன்டார்ஃப் மவுசர் ஆலையில் 1941-இல் செய்தது என்று பொருள். “ஆலையை விட்டு வந்தபோது இருந்த புளூயிங் அப்படியே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை” என்றார் விற்றவர். புளூயிங் என்பது துருவைத் தடுக்க எஃகுக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு. படங்களில் கரு வண்டின் முதுகு போல மின்னியது. போர் பார்த்த இரும்புக்கு எங்கிருந்து வந்தது இத்தனை மினுக்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆசை வாயை அடைத்துவிட்டது.

கைக்கு வந்ததும் எண்ணெயைத் துடைத்தேன். முதலில் காட்டிக்கொடுத்தது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட். அந்த ஆண்டு ரைஃபிளில் போல்ட்டின் உடல் நிறமேற்றாத வெள்ளை எஃகாக இருக்கும். இதில் அதுவும் கறுப்பு. ஜெர்மன் ராணுவ ஆய்வுக்கான கழுகு முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாலு தடவை கை கழுவிய சோப்புக் கட்டியின் எழுத்தைப் போல விளிம்புகள் மழுங்கி, சிறகுகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. உளி பதித்த இரும்பில் விளிம்பு கூர்மையாக நிற்கும். மெருகுச் சக்கரம் ஏறிய இடத்தில்தான் இப்படிக் கரையும்.

மரத்தைப் பிடித்திருக்கும் பட்டைகளைக் கழற்றி, குழலின் மேல் மூடியிருந்த மரத்தை எடுத்தேன். துருப்பிடித்த குழிகள், கடுகு சிதறியதுபோல. குழி இருப்பது குற்றமில்லை, வயதாகிவிட்டது. ஆனால் குழிகளின் அடிப்பகுதியும் ஒரே சீராகக் கறுத்திருந்தது. பூச்சு முந்தியது, துரு பிந்தியது என்றால் குழி பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும். இங்கே துரு அரித்த பிறகுதான் மறுபடி புளூயிங் குளியல் நடந்திருக்கிறது. குறிபார்க்கும் பின்காட்சியின் இடுக்கில் வெண்பொடி வேறு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து ஏறக்குறைய 140 டிகிரியில் கொதிக்கும் கரைசலில் முக்கும்போது, சரியாகக் கழுவாவிட்டால் உப்பு இடுக்கில் தங்கிப் பிறகு மெல்ல வெளியே கசியும்.

எனக்குக் கோபம் வந்தது அடுத்ததைப் பார்த்துத்தான். ரிசீவர் வளையத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு திட்டு, சுற்றியுள்ள கறுப்பைவிட வெளிறி இருந்தது. பற்றவைத்து நிரப்பிய உலோகம் புளூயிங்கை வேறுவிதமாகத்தான் ஏற்கும். சோவியத் படை கைப்பற்றிய 98கேக்களைப் போருக்குப் பின் கிடங்குகளில் பிரித்து, கறுப்புக் குளியல் கொடுத்து, கிடைத்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டினார்கள். மின் எழுதுகோலால் பாகங்களில் ரைஃபிளின் வரிசை எண்ணைக் கீறினார்கள். பலவற்றில் ஒரு சிறிய ‘எக்ஸ்’ குறியும் இருக்கும். அந்தக் குறி இருந்திருக்கக்கூடிய இடத்தில்தான் இந்தத் திட்டு. போல்ட்டில் எண்ணைச் சுரண்டிய தடமும் தெரிகிறது. அப்படிப்பட்ட ரைஃபிளை அப்படியே விற்றிருந்தால் நானே மகிழ்ச்சியோடு, குறைந்த விலைக்கு, வாங்கியிருப்பேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தேய்த்து அழித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்: வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் போலி அல்ல. 1944, 1945-இல் சொரசொரப்பான சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சோடு வந்தவை உண்டு. சில பாகங்கள் காலப்போக்கில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுவதும் இயல்பே.

விற்றவரிடம் கேட்டேன். “ரைஃபிள் அசல் என்றேன், பூச்சு அசல் என்று எழுதித் தரவில்லையே” என்றார். உண்மைதான், எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சை நம்பியது என் தவறு. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்.

போன வாரம் அதே ஆள் இன்னொரு 98கேவை விற்பனைக்கு வைத்திருக்கிறார். எண்ணெய் தடவி எடுத்த ஒன்பது படங்கள். மரத்தைக் கழற்றி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கேட்டுப் பார்த்தேன், இன்னும் பதில் வரவில்லை.