ஸ்கிரைபஸ் 1.6: நோட்டில் கிடந்த டஞ்சனைப் புத்தகமாக்கியபோது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு; அதில் ஆட்டக்காரர்கள் அறை அறையாக நுழைந்து போகும் ஆபத்தான இடம்தான் டஞ்சன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களை உட்காரவைத்து நான் நடத்திவரும் டஞ்சன் ஒன்று இருக்கிறது. வறண்ட ஏரி, அதன் நடுவே தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல் மதகான குமிழித் தூம்பு, அதற்குள் இறங்கினால் பதினான்கு அறைகள். எல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டிலும் நாலு கிராஃப் தாளிலும் இருந்தது. வேறு ஊரில் டஞ்சன் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவளாக, இருக்கும் தோழி ஒருத்தி, "எனக்கும் ஒரு காப்பி கொடேன், எங்க பசங்களுக்கு நடத்தறேன்" என்று கேட்டாள். நோட்டை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் அவளுக்கு ஒன்றும் புரியாது. சரி, முறையாக ஒரு சிறு புத்தகமாகவே வெளியிடலாம் என்று இறங்கினேன். அதற்கு எடுத்துக்கொண்ட பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் ஸ்கிரைபஸ். நாலு மாதம் தினமும் அதோடு உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தமிழில் டஞ்சன் எழுதி அச்சுக்கு அனுப்ப நினைப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.

இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். எனக்கு முக்கியம் தமிழ். பழைய 1.4 வரிசையில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், படிக்கவே முடியாது. 1.5.3-இல் தமிழ், அரபி போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு வந்தபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. அதற்குப் பெரிய பங்களிப்பு ஓமான் நாட்டுக் குழு ஒன்றுடையது. அரபிக்காக அவர்கள் பட்ட பாடு நமக்கும் பயன்பட்டிருக்கிறது. யூனிகோடில் தட்டியதை அப்படியே ஒட்டினேன். முப்பத்திரண்டு பக்கத்தில் ஓர் எழுத்துகூட உடையவில்லை.

இந்த மென்பொருளில் நான் அதிகம் நம்பியது ஒரு சின்னச் சிவப்புக் கட்டத்தை. எழுத்து அதற்கான ஃபிரேமுக்குள் (பக்கத்தில் அதற்கென்று வரைந்த பெட்டி) அடங்காவிட்டால் கீழே வலது மூலையில் அது வந்து நிற்கும். ஓர் அறை என்றால் ஒரு பக்கம், அதிகம் போனால் எதிரெதிர் இரண்டு பக்கம் என்று முடிவு செய்திருந்தேன். ஆட்டம் நடக்கும்போது டஞ்சன் மாஸ்டர் பக்கம் புரட்டித் தேடினால் மேஜையில் இருக்கும் பயம் எல்லாம் போய்விடும். அதனால் சிவப்புக் கட்டம் வந்தால் எழுதியதை வெட்டிச் சுருக்குவேன், எழுத்தின் அளவைக் குறைக்க மாட்டேன்.

ஆறாம் அறையில் இது நன்றாகத் தெரிந்தது. நோட்டில் அந்த அறைக்கு நான் எழுதியிருந்தது "கதவு மூடும், தண்ணீர் ஏறும்", அவ்வளவுதான். எவ்வளவு வேகம் என்பது என் தலைக்குள் இருந்தது. அடுத்தவருக்காக எழுத உட்கார்ந்தபோது அதுவே ஒன்றரைப் பக்கம் வளர்ந்துவிட்டது. வெட்டி வெட்டி, கடைசியில் நின்றது இது: ரவுண்டுக்கு (எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று) அரை அடி ஏறும், மூன்றடி உயரக் குள்ள இனமான ஹாஃப்லிங் ஆறாவது ரவுண்டில் முழுகிவிடுவார், மதகுக்கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கண்ணுக்குத் தெரிவது முதலில், ஆபத்து அடுத்து, மறைந்திருப்பது கடைசியில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஸ்டைல் (எழுத்தின் அளவு, இடைவெளி எல்லாம் சேர்ந்த அமைப்பு) வைத்தேன். ஸ்டைலை ஓரிடத்தில் மாற்றினால் பதினான்கு அறையிலும் மாறுகிறது.

இந்த வகைப் புத்தகங்களில் வழக்கமாக வரும், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் இரட்டைப் பத்தியை (காலம்) ஏ5 அளவில் தமிழுக்குப் போடாதீர்கள். நம் சொற்கள் நீளம்; இரண்டு ஓரமும் சமமாக நிறுத்தினால் நடுநடுவே பெரிய ஓட்டைகள் விழும். ஒற்றைப் பத்தி, இடது ஓரம் மட்டும் நேர், 10 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி வரி இடைவெளி. கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

குறை என்றால் அட்டவணை. வழியில் திடீரென்று என்ன எதிர்ப்படும் என்று டைஸ் உருட்டிப் பார்க்கும் அட்டவணை இல்லாமல் டஞ்சன் ஏது? ஆனால் இதில் அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தொடராது, வடிவமைப்பதும் கஷ்டம். நான் விசைப்பலகையின் டேப் (Tab) கீயை வைத்தே வரிசைப்படுத்திவிட்டேன்.

வரைபடத்தை கிராஃப் தாளிலிருந்து ஸ்கேன் எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் மறுபடி வரைந்து, பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பாக உள்ளே கொண்டுவந்தேன். கோடுகள் கத்தி மாதிரி விழுந்தன. 32 பக்கத்தை சென்டர் பின் அடித்தால் 16, 17 இரண்டும் நடுவில் விரியும் ஒரே தாள். வரைபடத்தை அங்கே வைத்துவிட்டேன்.

உரிமம் பற்றியும் சொல்லியாக வேண்டும், வீட்டு டஞ்சன் வெளியே போகும்போது இடறுவது இங்கேதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் விற்பனைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் எல்லா அரக்கர்களும் இல்லை. என் ஒன்பதாம் அறையில் அப்படி அதில் இல்லாத மைண்ட் ஃபிளேயர் என்ற அரக்கன் இருந்தது, அதை எடுக்க மனசே வரவில்லை. எடுத்துவிட்டு, அந்த ஆவணத்திலுள்ள வாட்டர் எலிமென்டல் என்ற நீர் அரக்கனின் பலம் முதலான எண்களை அடிப்படையாக வைத்து ஒரு மதகுக் காவலனை உருவாக்கினேன். ஏரிக்கு அதுதான் பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது.

அச்சகத்தில் முதலில் பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளின் கோப்புதான் கேட்டார்கள். எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்த பிடிஎஃப்பை நீட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்-எக்ஸ் வகைகள் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸில் முதலில் கலர் மேனேஜ்மென்டை (வண்ணங்களைச் சீராக வைக்கும் வசதி) இயக்கவேண்டும். இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் ஓரம் (பிளீட்) விடுங்கள். புரூஃப் எடுக்காமல் மொத்தமாக அடிக்காதீர்கள். என் முதல் புரூஃபில் அட்டையின் கறுப்பு சாம்பலாக வந்திருந்தது.

போன மாதம் தோழியின் ஊருக்குப் போயிருந்தேன். அவள் நடத்த, நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஆறாம் அறைக்கு வந்ததும் புத்தகத்தை விரித்து மேஜையில் வைத்தாள். தண்ணீர் ஏற ஏற பையன்கள் கத்தினார்கள். அந்த அறை முடியும்வரை அவள் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.